வான்வழியின் நீளம்



இரு நகரங்களுக்கிடையே உள்ள தூரம் என்றும் மாறாதது. ஆயினும் அவ்விரு நகரங்களுக்குமிடையே பறக்கும் நேரம் ஒரு காலத்திற் குறைந்தும் மற்றொரு காலத்தில் மிகுந்தும் வருகின்றது. இதன் காரணத்தை அறியப் பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியையும், யப்பானின் தலைநகராகிய தோக்கியோவையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சுவரிலே தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கசகஸ்தான், மங்கோலியா ஆகிய நாடுகளின் பக்கமாகச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி போலத் தோன்றும். ஆனால் பூமி தட்டையானதன்று. பூகோள உருண்டை ஒன்றில் இரு நகரங்களுக்குமிடையே ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கு நோக்கி உயர்ந்து, ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து, சைபீரியாவின்மேற் சென்று தோக்கியோவில் இறங்கும். உண்மையான குறுக்குவழி அதுவே. அதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர்.

மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் விமானம் இத்தூரத்தைக் கடக்க ஒன்பது மணித்தியாலம் போதும். உயர வானிலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் காற்று வீசுவதால், போகும் பயணத்திலும் திரும்பும் பயணம் சற்று நீளும். இவை இயற்கை விதிக்கும் வேறுபாடுகள்.

மனிதர் விதிக்கும் வேறுபாடு இவற்றினும் பெரிது. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானமும் அந்நாட்டுக்கே உரியது என்பது 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் முதல் விதி. அனுமதியின்றி அங்கே பறத்தலாகாது. பனிப்போர்க் காலத்திற் சோவியத் நாடு சைபீரிய வானத்தை எளிதிலே திறந்துவிடவில்லை. ஆகவே 1983 இற் பின்லாந்தின் விமான நிறுவனம், மேலதிக எரிபொருட் தாங்கிகளைப் பொருத்திய விமானத்தை வட துருவத்தின்மேற் செலுத்தி, பதின்மூன்று மணித்தியாலத்தில் தோக்கியோவை அடைந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, அலாஸ்காவிலிருந்து தென் கொரியாவுக்குச் சென்ற பயணிகள் விமானமொன்று வழி தவறிச் சோவியத் வானிற் புகுந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். மூடிய வானத்தின் பொருள் இதுவே.

பின்னர்ப் பகைமை தணிந்தது. சைபீரிய வழி திறந்தது. பயணம் பத்து மணித்தியாலத்துக்குள் அடங்கிற்று. ஹெல்சிங்கி, ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேசம் செல்வோர் விமானம் மாறும் பெரிய நிலையமாக வளர்ந்தது. ஆனால் 2022 பெப்ரவரியில் உருசியா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் உருசிய விமானங்களுக்குத் தம் வானை மூடின. உருசியாவும் பதிலுக்குத் தன் வானை அவர்களுக்கு மூடியது. பின்லாந்து விமானங்கள் மறுபடியும் வட துருவத்தைச் சுற்றின. பயண நேரமும் மறுபடியும் பதின்மூன்று மணித்தியாலமாயிற்று. நாற்பது ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ திருந்தியும், கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று பாடசாலையிற் கற்பிக்கிறோம். அக்கணக்குப் பிழையன்று. ஆனால் அங்கே தூரம் என்பது நூல் காட்டும் தூரமன்று, அயலவர் பறக்கவிடும் தூரம். கூடுதலான அந்த மூன்று நான்கு மணித்தியாலங்களை விஞ்ஞானத்தால் மட்டும் குறைக்க இயலாது. நாடுகளின் நல்லுறவே அவற்றைக் குறைக்க வல்லது.