பட்டம் பெயரான கதை: நாவாட்ல் பட எழுத்து

இன்றைய மெக்சிகோ நகரம் இருக்குமிடத்தில் டெனோச்டிட்லானை நிறுவி ஆண்ட அஸ்டெக் மக்கள் தம் நாவாட்ல் மொழியில் ஓர் அரசனைப் பதிவு செய்தபோது, அவனது பதவியைப் பெரும்பாலும் உருவத்திலும், பெயரைத் தனிக் குறியிலும் வைத்தனர். சாய்வுள்ள பாய் இருக்கையும், நீலப்பச்சைக் கற்கள் பதித்த கூர்முனைப் பட்டமும், வாயருகே சுருண்டெழும் பேச்சுக்குறியும் அவனை ‘ட்லாதோவானி’ என்று, அதாவது பேசும் உரிமை பெற்ற அரசன் என்று காட்டின. பெயர்க்குறியோ தலையை ஒட்டி நின்று, மெல்லிய கோட்டால் உருவத்துடன் இணைக்கப்பட்டது.

1541 வாக்கில் தொகுக்கப்பட்டு, இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலுள்ள மெண்டோசா ஏட்டில், நாணல் கற்றையைப் பற்றிய கை அகமாபிச்ட்லி அரசனையும், புகையும் கேடயம் சிமால்போபோக்காவையும் குறிக்கின்றன. அதே ஏட்டில் அகமாபிச்ட்லி இருமுறை வரையப்பட்டிருக்கிறான். ஓர் உருவத்தின் மேல் பெண் தலையும் பாம்பும் சேர்ந்த குறி இருப்பதால், ‘பெண்பாம்பு’ எனப் பொருள்படும் ‘சிவாகோவாட்ல்’ என்ற உயர்பதவியையும் அவன் வகித்தது தெரிகிறது.

இவற்றையெல்லாம் வெறும் ஓவியம் என்று ஒதுக்குவது தவறு என்பதற்கு இட்ஸ்கோவாட்ல் என்ற அரசனின் பெயரே போதும். ‘எரிமலைக் கண்ணாடிக்கல் பாம்பு’ என்ற பொருளுக்கேற்ப, முதுகில் கல்லலகுகள் துருத்திய பாம்பாக அரசன் பெயர் வரையப்பட்டது. ஆனால் டெபெட்லாவோஸ்டோக் ஊரின் நிலப்பதிவான வெர்காரா ஏட்டில் அதே பெயர் கல்லலகு, பானை, நீர் என மூன்று படங்களால் எழுதப்பட்டுள்ளது. பானைக்குரிய ‘கோமிட்ல்’ என்ற சொல்லிலிருந்து ‘கோ’வும், நீருக்குரிய ‘ஆட்ல்’ என்பதிலிருந்து ‘ஆ’வும் ஒலிக்காக மட்டும் எடுக்கப்பட்டனவே தவிர, பாம்புக்கும் பானைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பதவிக்கும் பெயருக்கும் இடையிலான எல்லை மொக்தெசுமா என்ற அரசப் பெயரில் கலைந்துவிடுகிறது. ‘பிரபுவைப் போலச் சினந்து முகம் சுளிப்பவன்’ என்று விளக்கப்படும் அப்பெயரின் நடுவில் பிரபுவைச் சுட்டும் ‘தெகுட்லி’ என்ற சொல் உள்ளதால், எழுத்தர்கள் அந்தக் கூர்முனைப் பட்டத்தையே பெயர்க்குறியாக்கினர். எஞ்சிய ஒலிகளைப் படிப்பவரே நிரப்பிக்கொண்டார். இருவர் அப்பெயர் தாங்கியதால், மூத்தவரை அடையாளம் காட்ட, வானத்தைத் துளைக்கும் அம்பாக அவரது மறுபெயரான இல்வீகாமீனாவும் சில ஏடுகளில் வரையப்பட்டது.

ஸ்பானியர் வந்த பின்னும் இக்கலை ஓயவில்லை. ஆளுநர் மெண்டோசாவின் பெயரை எழுத, ‘மெட்ல்’ எனும் கற்றாழையையும் ‘தோசான்’ எனும் வளைதோண்டும் கொறிவிலங்கையும் இணைத்து ‘மெ-தோசா’ என்று ஒலிக்கச் செய்தனர்.