ஓய்வு நேரத்தில் உளியும் வாளும்

பேனா பிடிக்கும் கை வேறு, உளி பிடிக்கும் கை வேறு என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கதவின் கீல் சற்றே இளகினாலும் தச்சர் வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறோம். கேத்திரகணிதத்திலே செங்கோணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவல்ல மாணவன், ஒரு பலகையைச் செங்கோணமாக அறுத்துத் தரும்படி கேட்டால் திகைத்து நிற்கிறான். கற்ற கல்வி கைக்கு இறங்காமற் போவது குறையே. அக்குறையைப் போக்கும் வழிகளுள் இனிமையானது மரவேலை.

இதனை முன்னரே உணர்ந்த நாடுகள் உள. பின்லாந்திலே ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866ஆம் ஆண்டிலே கைவேலை பாடசாலைப் பாடங்களுள் ஒன்றாயிற்று. சுவீடன் நாட்டிலே ஒட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்கு மரவேலை பயிற்றினார். தச்சரை உருவாக்குவதன்று இவர்களுடைய நோக்கம். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டு இயங்கப் பழக்குவதே. காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவாகக் கொண்டது.

வேண்டிய கருவிகள்

தொடங்குவோர் கடை முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கைவாள், ஒரு சீவுளி, கால் அங்குலமும் அரை அங்குலமும் அகலமுள்ள இரண்டு உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம், ஓர் அளவுகோல், துளையிட ஒரு கருவி, தீட்டுவதற்கு ஓர் எண்ணெய்க்கல் ஆகியவை போதும். மின்சார வாள்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. எனினும் கை பழகுமுன் அவற்றை நாடுவது தகாது. கைவாள் பிழையை மெல்லச் செய்யும். மின்வாள் கண்ணிமைக்குமுன் செய்துவிடும்.

கருவி வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம் தீட்டுதல். உளியின் சரிந்த முகத்தை ஏறக்குறைய 30 பாகைச் சாய்விலே கல்லின்மீது வைத்துத் தேய்க்க வேண்டும். மறுபக்கத்திலே விரலால் தடவினால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அப்பொழுது உளியைத் திருப்பி, தட்டையான முகத்தைக் கல்லோடு முற்றாகப் படியவைத்து அப்பிசிரை நீக்கலாம். மழுங்கிய உளியே ஆபத்தானது. அது வெட்டாது, நாம் பலத்தைக் கூட்டுவோம், கூட்டிய பலம் வழுக்கிக் கையிலே பாயும். ஆதலால் கூரிய உளியைக் கொள்க. இரு கைகளையும் எப்பொழுதும் அதன் முனைக்குப் பின்னாலேயே வைத்திருக்க.

மரத்தை அறிதல்

முதற் பழக்கத்துக்கு மரக்காலையிலே கழித்துப் போடும் துண்டுகளே போதும். பலா மரம் வாளுக்கும் உளிக்கும் இணங்கும். வீணையும் மிருதங்கமும் அதிலேதான் கடையப்படுகின்றன. வேம்பைக் கறையான் எளிதில் நாடாது. பாலை மிகக் கடினமானது. புதியவரின் வாளை மழுங்கச் செய்யும். முதிரை அழகிற் சிறந்ததாயினும் அதன் தூள் சிலருடைய தோலிலே அரிப்பை உண்டாக்கும். எந்த மரமாயினும் தூளைச் சுவாசியாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நன்று. வளவிலே நிற்கிறதென்று பலாவைத் தறித்துவிடவும் இயலாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அனுமதி கேட்கிறது.

மரம் வெட்டுண்ட பின்னரும் அசைவு உடையது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மாரியிலே ஈரத்தை ஏற்று விரியும், கோடையிலே சுருங்கும். இவ்விரிவு நாரின் குறுக்கேதான் பெரிதும் நிகழும். நாரின் நீளத்திலே மிகச் சொற்பம். மழைக்காலத்திலே கதவு இறுகுவதற்குக் காரணம் இதுவே.

முதலிற் செய்வது ஒரு மணை

அமர்ந்து உண்ணும் மணைப்பலகை முதல் வேலைக்கு மிகப் பொருத்தமானது. 15 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள காய்ந்த பலகை ஒன்று. அதன் அடியிலே குறுக்காக வைக்க, 9 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள கட்டைகள் இரண்டு.

மூலைமட்டத்தை வைத்துப் பலகையின் நான்கு முகங்களிலும் கோடு கீறுக. வாளைக் கோட்டின்மேல் அன்றி, கழிவுப் பக்கத்திலே ஓட்டுக. ஆட்காட்டி விரலை வாளின் போக்கிலே நீட்டிப் பிடித்தால் வாள் கோணாது. சீவும்போது நார் கிளம்பினால் பலகையை மறுதிசைக்குத் திருப்பிச் சீவுக.

கட்டைகளைப் பொருத்துமிடத்திலேதான் அறிவு வேண்டும். பலகை அகலத்திலே விரிய விரும்பும். குறுக்கே கிடக்கும் கட்டையோ அதன் நீளத்திலே விரியாது. இரண்டையும் முழுதும் பசையிட்டு ஆணியால் அறைந்துவிட்டால், கோடை வந்ததும் பலகை வெடிக்கக்கூடும். ஆகவே பசை வேண்டாம். ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றரை அங்குலத் திருகாணிகள் மூன்று போதும். நடுத் திருகாணியை இறுக்கமாகவும், இரு ஓரத்துத் திருகாணிகளைக் கட்டையிலே சற்று நீளவாக்காகக் குடைந்த துளைகளிலும் பூட்டுக. பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். பின்னர் அரத்தாளால் நாரின் போக்கிலே தேய்த்து எண்ணெய் பூசுக.

பெற்றோர்க்கு

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உளியோடு பொழுது போக்குவதா என்று பெற்றோர் அஞ்சுவர். ஞாயிற்றுக்கிழமையிலே இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எந்தப் பரீட்சையும் கெட்டுப்போவதில்லை. விடைத்தாளிலே பிழை செய்தவன் பிறர் திருத்தும்வரை அதை அறியான். பலகையிலே பிழை செய்தவனுக்கு மூலைமட்டம் அக்கணமே சொல்லிவிடும். அவன் ஏசுவோருக்கு அஞ்சாது தன் பிழையைத் தானே தேடித் திருத்தப் பழகுகிறான். திண்ணையிலே சிதறிய சீவல்களுக்காக அவனைக் கடியாதிருங்கள். கூட்டிப் பெருக்குவதையும் வேலையின் பகுதியாக்கிவிடுங்கள்.

ஊரிலே அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் ஒரு நாள் அவனை அழைத்துச் சென்று, அவர் வாள் பிடிக்கும் முறையைப் பார்க்கச் செய்வதும் நன்று. ஒரு மணையைத் தானே செய்து முடித்தவன், கோயிற்றேரின் சிற்பங்களுக்கு முன்னே சற்று நேரம் கூடுதலாக நிற்பான். தச்சரிடம் கூலி பேசும்போது அவனுடைய நாவும் பேரம் பேசச் சற்றே தயங்கும்.