ரப்பர்ப் பாலிலுள்ள ஆவிப் பொருள்களும் அவற்றை நீக்கும் முறையும்

ஆரணிக்கு அண்மையிலுள்ள தேவிகாபுரத்துப் பட்டு நெசவாளர் நன்கறிந்த விஷயம் ஒன்றுண்டு. கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு பசையாகும். அப்பசை இழையைக் காக்கிறது. எனினும், சாயமேற்றுமுன் சோப்பு நீரில் காய்ச்சி அதனை நீக்கியாக வேண்டும். காவலாக இருந்த பொருளைத் தக்க தருணத்தில் அகற்றும் இத்தகைய வேலை ரப்பர் விவசாயத்திலும் உண்டு. தமிழ்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், பேச்சிப்பாறை முதலிய மலையடிவாரப் பகுதிகளில் ரப்பர் பயிராகிறது. பாலைத் தகடாக உறைய வைக்காமல் பாலாகவே விற்கும் தோட்டக்காரர்கள் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

பாலின் இயல்பு

மரத்திலிருந்து வடியும் பாலில் 100க்கு 30 முதல் 40 பங்கு ரப்பர் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பரானது நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கிறது. துகள்களைச் சூழ்ந்துள்ள புரதமும் சோப்பு போன்ற வஸ்துக்களும் அவற்றிற்கு ஒரே வகை மின்னேற்றத்தை அளிப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்து நிற்கின்றன. பாலின் நீரில் சர்க்கரைப் பொருள்களும் கரைந்துள்ளன. சிரட்டையிலும் வாளியிலும் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு, அசெட்டிக், பார்மிக், புரோப்பியானிக் என்னும் அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை ஆவியாகும் இயல்புடையவை. அமிலம் மிகுந்தால் துகள்களின் மின்னேற்றம் தணிந்து, சில மணி நேரத்தில் பால் உறைந்துவிடும். உறைந்த பால் ஒட்டுப்பாலின் விலைக்கே போகும்.

அம்மோனியாவின் காவல்

இதைத் தடுக்கவே பாலில் அம்மோனியா சேர்க்கப்படுகிறது. அது நுண்ணுயிர்களை அடக்கிப் பாலைக் காரமாக்குகிறது. பாலிலுள்ள மக்னீசியத்தையும் வண்டலாக அடியில் தங்கச் செய்கிறது. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய தோட்டத்துப் பாலுக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் அம்மோனியா வேண்டும். ஆலைகள் இப்பாலை வேகமாகச் சுழலும் யந்திரத்திலிட்டு நீரைப் பிரித்து, 100க்கு 60 பங்கு ரப்பருள்ள செறிந்த பாலாக்குகின்றன. இதில் 0.6 சதவிகிதத்திற்குக் குறையாமல் அம்மோனியா இருப்பது ஒரு வகை. 0.3 சதவிகிதத்திற்குக் குறைவான அம்மோனியாவுடன், விதை நேர்த்திக்கு விவசாயிகள் உபயோகிக்கும் தைராமும் துத்தநாக ஆக்ஸைடும் சிறிதளவு சேர்த்தது மற்றொரு வகை.

நீக்கும் முறை

கையுறை, பலூன், நுரை மெத்தை முதலியன செய்யும் ஆலைகளில் மிகுந்த அம்மோனியா தொல்லை தரும். அதன் நெடி தொழிலாளரின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். பாலுடன் கலக்கும் துத்தநாக ஆக்ஸைடு அதிற் கரைந்து பாலைத் தடிக்கச் செய்யும். ஆதலின் பாலை அகன்ற தொட்டியில் மெதுவாகக் கலக்கிக்கொண்டே, அதன் மேற்பரப்பில் காற்றைச் செலுத்துகின்றனர். அம்மோனியா காற்றோடு வெளியேறுகிறது. வறண்ட காற்றாயின் மேலே ஆடை படரும். ஆகவே ஈரக்காற்றே நன்று. சுமார் 0.2 சதவிகிதத்திற்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கீழே போனால் பால் நிலைகுலைந்து திரியக்கூடும். பார்மால்டிஹைடு சேர்த்து அம்மோனியாவைக் கட்டிவிடும் முறையும் உண்டு.

நீங்காத பொருள்

இவ்விடத்தில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. முற்கூறிய அமிலங்கள் ஆவியாகும் இயல்புடையவையேயாயினும், அம்மோனியா கலந்த பாலில் அவை உப்பாக மாறி நிற்கின்றன. உப்பு ஆவியாகாது, எவ்வளவு காற்றைச் செலுத்தினும் அது பாலிலேயே தங்கும். சுழல் யந்திரத்தில் பிரியும் நீரோடு ஒரு பகுதி மட்டும் கழியும். சுவர் வர்ணத்திற்காக ஆலைகளில் செய்யும் செயற்கைப் பால்களில், வினைபுரியாது எஞ்சிய ஆவிப் பொருள்கள் தனித்தே இருப்பதால், குறைந்த அழுத்தத்தில் நீராவியைச் செலுத்தி அவற்றை நீக்க இயலும். ரப்பர்ப் பாலின் அமிலங்களுக்கு அவ்வழி உதவாது. சோதனைச் சாலையில் அவற்றை நீராவியால் வடித்தெடுப்பது, பாலை உறையவைத்துப் பிரித்த நீரில் கந்தக அமிலம் சேர்த்த பின்னரே. அவ்வாறு வடித்தவற்றின் அளவே ஆவியமில எண் எனப்படும். 100 கிராம் திடப்பொருளுள்ள பாலின் ஆவியமிலங்களுக்கு ஈடாகும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு எத்தனை கிராம் என்பதை அது குறிக்கும். எண் உயர்ந்திருந்தால் பால் பராமரிப்பில் அசட்டை நேர்ந்தது வெளிப்படும். பின்னர் எவ்வளவு அம்மோனியா சேர்த்தும் அதைக் குறைத்தல் இயலாது.

தோட்டத்தில் செய்ய வேண்டுவன

ஆகவே, ஆலை செய்ய இயலாததைத் தோட்டத்திலேயே செய்துகொள்ள வேண்டும். சிரட்டைகளையும் வாளிகளையும் நாள்தோறும் கழுவுக. பட்டையும் தூசியும் விழாமல் வடிகட்டுக. அதிகாலையில் பால் வெட்டி, வடிந்தவுடன் காலந்தாழ்த்தாது சேர்க்க. வெயில் ஏறுமுன் நிழலில் அம்மோனியாவைக் கலக்க. முதல் நாட்பாலின் மிச்சத்தைப் புதுப்பாலில் ஊற்றுதல் கூடாது. பித்தளை அண்டாவும் செம்புக் குடமும் ஆகா. அம்மோனியா செம்பைக் கரைக்கும், கரைந்த செம்பு ரப்பரை விரைவில் கெடுக்கும். அம்மோனியாவைத் திறந்த வெளியில், காற்று வீசும் பக்கத்தில் நின்று, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து கையாளுக. உடலிற் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுக.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டுவதும் ஒன்றுண்டு. சுழல் யந்திரத்தில் பிரியும் நீர்ப்பாலில் சிறிதளவு ரப்பர் எஞ்சும். அதைக் கந்தக அமிலத்தால் உறைய வைப்பர். அதற்கு முன்பே அம்மோனியாவை நீக்கிவிட்டால் அமிலச் செலவு குறையும். கழிவு நீரில் சேரும் அம்மோனியம் சல்பேட்டும் குறையும். அந்நீரைச் சுத்தி செய்யாமல் ஓடையிலோ கிணற்றருகிலோ விடலாகாது.

அம்மோனியாவைப் பின்னர் நீக்கலாம். அமிலத்தை முன்னரே தடுக்கத்தான் வேண்டும். பாலின் தரம் ஆலையிலன்று, பால் வெட்டிய முதற் சில மணி நேரத்திலேயே நிர்ணயமாகிறது.