புதுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்...



தேனியில் 40 வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. நாள்வழி, பேரேடு, சிட்டை என்று இருந்த நம்மைக் கம்ப்யூட்டர் பக்கம் முழுதாகத் தள்ளிவிட்டது 2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி.தான். அதன்பின் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸும் கட்டாயம். போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் நின்றால் கடையும் நிற்கும். அது நிற்காமல், கணக்கைத் தப்பாக வைத்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன வருடம் ஆனி மாதம் பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு, பாகம் பாகமாக வாங்கிப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்தோம். முதல் வாரம் குதிரை மாதிரி ஓடியது. இரண்டாவது வாரம் பில் போடும்போதே திரை நீலமாகிவிடும். தானே அணைந்து தானே எழும். ஒரு நாள் நான்கு தடவை, மறுநாள் ஒன்றுமே இல்லை. ஒரு ஒழுங்கு கிடையாது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வைரஸ் என்றான் என் மகன். கணக்குப்பிள்ளை சாப்ட்வேரைக் குறை சொன்னார். ஆடிக் காற்றில் கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார் பக்கத்துக் கடைக்காரர். (லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கும் ஜில்லாவில் இருந்துகொண்டு நாம் கரண்டைக் குறை சொல்லாத நாளில்லை.) நானும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினோம், புது யு.பி.எஸ். வாங்கினோம், வயரை மாற்றினோம். மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் பழைய கதைதான். செலவானது மிச்சம், எது நோய் என்று தெரியவே இல்லை.

இதற்கிடையில் கணக்கு ஃபைல் திறக்காமல் போயிற்று. நான்கு நாளைக்கு முந்தைய நகலை ஏற்றி, கார்பன் பில்லைப் பார்த்து விற்பனையை மறுபடி பதிந்தார்கள். ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைப் புரட்டாமல் விட்டுவிட்டார்கள். கோம்பையிலிருந்து சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கட்டிய 18,400 ரூபாய் அதில் விடுபட்டது. லைன் வசூலுக்குப் போன நம் பையன், கடையில் ஆட்கள் நிற்கும்போதே பாக்கி கேட்டிருக்கிறான். அவர் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, ரசீதோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, 22 வருஷமா உங்ககிட்ட சரக்கு எடுக்கிறேன். கம்ப்யூட்டர் சொன்னா நான் பொய்யனா?" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? உட்காரச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்று ராத்திரி, மதுரையில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் வந்தான். "மாமா, இனிமே ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தினா எழுதி வைக்கணும்" என்றான். ஐந்தொகை ஒத்து வராதபோது பக்கம் பக்கமாகத்தானே தேடுவோம்! அந்தப் புத்தி இதில் எனக்கு வரவில்லை.

முதலில் கரண்ட். எலக்ட்ரீஷியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தோம். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது அதற்கு மேலேயே காட்டியது. எர்த் குழி காய்ந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியபின் இறங்கியது. ஆனாலும் திரை நீலமாவது நிற்கவில்லை. இரண்டாவது சூடு. மல்லி, வற்றல் தூசி பறக்கிற மண்டியில் காற்றாடி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். திறந்து பார்த்ததில் அது சுத்தமாகவே இருந்தது; பிராசசர் மேல் காற்றாடியின் நான்கு காலும் நன்றாகப் பதிந்திருந்தன.

மூன்றாவது மெமரி, அதாவது ரேம். கல்லாப் பக்கத்தில் நாம் வைத்திருக்கும் சிலேட்டு போல இது. கணக்கை முதலில் இதில் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஏற்றுகிறது. சிலேட்டில் ஒரு இலக்கம் தானாக மாறினால் பேரேட்டிலும் தப்பாகவே ஏறும். இதைச் சோதிக்க 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்று ஒரு புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குப் போகாமலே ஓட விட வேண்டும். ராத்திரி கடையடைக்கும்போது ஓட விட்டோம். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரி.

மெமரியை அதன் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டும்படி பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஏற்பாட்டைப் போட்டிருந்தார்கள். அதை எடுத்தோம், அப்போதும் தப்பு வந்தது. இருந்தவை இரண்டு கட்டைகள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதித்தோம், சுத்தம். அதே இடத்தில் அடுத்ததைச் செருகினோம், சிவப்பு. இடத்தை மாற்றிச் செருகினாலும் சிவப்புதான். ஆக, மதர்போர்டில் குற்றமில்லை. கட்டை ஒன்றுதான் கோளாறு. இதற்காகவா யு.பி.எஸ். வாங்கினேன்!

நம்மை மட்டும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. 1994-ல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியருக்கு இப்படித்தான் கணக்கு ஒத்து வரவில்லை. ஜூன் மாதம் கண்டுபிடித்தவர், தன் புரோகிராம் தப்பா, மதர்போர்டு தப்பா என்று ஒவ்வொன்றாகக் கழித்து, அக்டோபரில்தான் இன்டெல் கம்பெனிக்கு எழுதினார். பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போட்டது. அந்தச் சிப்புகளை மாற்றிக் கொடுக்க அந்தக் கம்பெனி ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். 2024-லும், தன் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களின் உயர்ந்த ரகங்களில் சில, வோல்டேஜ் அதிகமாகி நிலையிழக்கின்றன என்று அதே கம்பெனி ஒப்புக்கொண்டு, வாரண்டியை 2 வருடம் நீட்டித்தது. அந்த ரகம் வைத்திருப்பவர்கள் புது பயாஸ் ஏற்றியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப் அதனால் சரியாகாது. மாற்றித்தான் வாங்க வேண்டும். பில் போடும் கடைக்கு அவ்வளவு உயர்ந்த ரகம் எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தால் அன்றே கணக்கை ஏற்றாதீர்கள். முதல் இரவு மெமரிச் சோதனை ஓடட்டும். ஒரு வாரம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். 20-ஆம் தேதி ரிட்டர்ன் கெடுவுக்கு முந்தின வாரத்தில் மாற்றவே வேண்டாம். நகல் எடுப்பவர்கள் ஒரே பென்டிரைவில் மேலே மேலே எழுதினால், கெட்ட ஃபைல் நல்ல ஃபைலை அழித்துவிடும். எங்களிடம் இப்போது கிழமைக்கு ஒன்றாக ஏழு இருக்கின்றன. பாகங்களின் பில்லைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மெமரிக்கு ஒரு வாரண்டி, மதர்போர்டுக்கு ஒரு வாரண்டி. மொத்தமாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நல்லவேளையாக எனக்குத் தனிப் பில் இருந்தது. கெட்டுப்போன கட்டையை அனுப்பிய மூன்றாம் வாரம் புதியது வந்துவிட்டது. கோம்பைக் கடைக்காரரிடம் நானே போய், அவர் கடையிலேயே நின்று, கணக்கு நேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். சரக்கு மட்டும் இரண்டு மாதம் கழித்துத்தான் எடுத்தார்.