கண்ணாடி இழைச் சாலை – 7: கம்பம் யாருடையது?

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் புதிதாக எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் குடியேறுகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. பிடித்த கம்பெனியின் பிராட்பேண்டுக்குச் சொன்னால் ஆள் வருவார், கேட்டில் நிறுத்தப்படுவார். “இங்க ஒரு லைன் மட்டும்தான் சார், மத்தவங்களுக்கு பர்மிஷன் இல்ல” என்பார் செக்யூரிட்டி. கட்டடம் கட்டியவர் எப்போதோ போட்ட ஒப்பந்தம் அது. இப்படிப்பட்ட தனி ஒப்பந்தங்களை உரிம மீறலாகக் கருத வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை டெல்லியில் இருக்கிறது. கேட் இங்கே இருக்கிறது.

ஒரு இணைப்பில் நான்கு அடுக்குகள் உண்டு. பள்ளம் அல்லது கம்பம், அதன் வழியே போகும் கண்ணாடி இழை, இழையில் ஒளி ஏற்றும் கருவி, மாதாமாதம் பில் போடும் கம்பெனி. நான்கும் ஒரே கையில் இருந்தால் மூடிய முறை. இழையை ஒருவர் வைத்துக்கொண்டு, கேட்கிற எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விலையில் வாடகைக்கு விட்டால் திறந்த முறை. இழைக்காரரே வீடுகளுக்கும் விற்கத் தொடங்கினால் என்ன ஆகும்? கல்யாண மண்டபக்காரரே சமையல் காண்ட்ராக்டும் எடுத்திருக்கும்போது வெளிச் சமையல்காரருக்கு அடுப்படியில் கிடைக்கும் மரியாதை நமக்குத் தெரியும்.

செம்புக் கம்பிக் காலத்தில் திறப்பது எளிதாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ஜோடிக் கம்பி தனியாகப் போகும். அந்த ஜோடியைக் கழற்றி வேறு கம்பெனியின் கருவியில் மாட்டினால் போதும். பி.எஸ்.என்.எல். கம்பிகளை அப்படித் திறந்துவிட வேண்டும் என்று டிராய் 2004 ஏப்ரலில் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதை ஏற்காமல், வேண்டுமானால் ஆளுக்காள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. நொடிக்கு 256 கிலோபிட் ஓடினாலே பிராட்பேண்ட் என்று வரையறுத்த கொள்கை அது. அந்தக் காலத்து வேகத்தைவிட அந்தக் காலத்துத் தயக்கம்தான் நமக்கு நீண்ட நாள் செலவு வைத்தது என்பது என் எண்ணம்.

இன்று வீட்டுக்கு வரும் ஃபைபரில் அந்த வசதி இல்லை. ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஒரே இழை கம்பத்தில் இருக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிக்கு வந்து, அங்கே 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. கீழ்நோக்கி வரும் இரண்டரை ஜிகாபிட்டை அத்தனை பேரும் பகிர்கிறார்கள். உங்கள் வீட்டு இழையை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கழற்றி வேறொருவரிடம் கொடுக்க வழியில்லை. மூடிய முறைக்காரர்களுக்கு இது வசதி, ஏனென்றால் இழுக்கும் செலவும் குறைகிறது. திறந்த வலை வேண்டுமென்றால் முதல் நாளே அதற்கென்று வரைந்து இழுக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994-இல் தொடங்கிய ஸ்டோகாப் அதைத்தான் செய்தது. ஒளி ஏற்றாத இழையை எல்லாருக்கும் வாடகைக்குக் கொடுக்கிறது, வீட்டுக்கு இணைப்பு விற்பதில்லை. சிங்கப்பூர் இன்னும் கறாராக, இழை ஒருவர், கருவி ஒருவர், சில்லறை விற்பனை பலர் என்று பிரித்தது. ஓப்பன்நெட் இழையை இழுத்தது, நியூக்ளியஸ் கனெக்ட் ஒளி ஏற்றியது.

நம் ஊரில் கடைசிக் கம்பம் யார் கையில்? கேபிள்காரர் கையில். 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு கேபிள் டிவி மறுபடி தொடங்கியபோது மாதச் சந்தா 70 ரூபாய். அதில் 20 ரூபாய் அரசு கேபிள் கார்ப்பரேஷனுக்கு, மீதி ஆபரேட்டருக்கு. சிக்னல் யாருடையதாக இருந்தாலும் தெருவில் ஓடும் ஒயர் அவருடையது, வீட்டுக்காரரின் பெயரும் அவர் நோட்டில். இன்று “ரெட் லைட் எரியுது” என்று போன் போனால் ஏணியோடு வருபவரும் பெரும்பாலும் அவரே. பி.எஸ்.என்.எல். ஃபைபர்கூட இப்படிப்பட்ட உள்ளூர்க் கூட்டாளிகளோடு வருமானத்தைப் பங்கிட்டுத்தான் வீடு வீடாகப் போகிறது. திறந்த வலை பற்றிப் பேசும் அறிக்கைகள் இவரைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மத்திய அரசின் பாரத்நெட் பிறந்தபோதே திறந்த வலையாகத்தான் பிறந்தது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதன் பெயர் தேசிய ஒளியிழை வலையமைப்பு; இரண்டரை லட்சம் ஊராட்சிகள்வரை இழை இழுத்து, எல்லாக் கம்பெனிகளுக்கும் பாரபட்சமில்லாமல் வாடகைக்கு விடும் திட்டம். தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டத்தை நடத்துவது 2018-இல் உருவான மாநில அரசு நிறுவனம் டான்ஃபிநெட். 12,525 ஊராட்சிகள், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 333-உம் அதில் அடக்கம். 1,815 கோடி ரூபாய்த் திட்டம். ஆனால் டெண்டர் நிபந்தனைகளே போட்டியைத் தடுக்கின்றன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுக்க, 2020 ஜூனில் மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை தலையிட்டு, நிபந்தனைகளைத் திருத்தி மறு டெண்டர் விடச் சொன்னது. எல்லாருக்கும் திறந்த வலைக்கு எல்லாருக்கும் திறக்காத டெண்டர்!

கிருஷ்ணகிரி மூன்று மாநிலம் கூடும் மாவட்டம் என்பதால் ஒப்பிடவும் இங்கே வசதி. வேப்பனப்பள்ளிக்கு அப்பால் ஆந்திரம். அங்கே 2017 டிசம்பரில் தொடங்கிய ஏ.பி. ஃபைபர்நெட், மாதம் 149 ரூபாய்க்கு டிவி, போன், இன்டர்நெட் மூன்றையும் அரசே விற்கும் என்றது. மலிவுதான், ஆனால் இழைக்காரரே விற்பனைக்காரர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு மட்டும் ‘பி’ பிரிவு இணைய உரிமம் வாங்கிய பெங்களூரு நிறுவனம், தமிழ்நாட்டுக்கு வேறு உரிமம் இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கும் இணைப்பு தர முடியாது. இழைக்கு எல்லை தெரியாது, உரிமத்துக்குத் தெரியும்.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளின் கவலை வேறு. லைன் நின்றால் உற்பத்திக் கணக்கும் டிஸ்பாட்சும் நிற்கும் என்பதால் இரண்டு கம்பெனிகளிடம் லீஸ்டு லைன் வாங்குவார்கள். மூடிய முறையில் எந்த இழை எந்தப் பள்ளத்தில் போகிறது என்பது கம்பெனி ரகசியம். இரண்டு பில்லும் ஒரே பள்ளத்துக்காகப் போய்க்கொண்டிருக்கலாம். நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஜேசிபி இறங்கும்போதுதான் அது தெரியவரும். இழையை நேரடியாக வாடகைக்கு எடுப்பவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஆக, டான்ஃபிநெட் சில்லறை விற்பனையில் இறங்கக் கூடாது. வாடகைப் பட்டியலை எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். கேபிள்காரரைச் சேர்த்துக்கொள்ளட்டும், ஏரியாவை அவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம். ஓசூர் மாதிரி இடத்துக்கு இது போதும். அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்குப் போதாது. ஊராட்சிக் கட்டடத்துக்கு 1 ஜிகாபிட் வந்துவிட்டாலும், அங்கிருந்து காட்டோரம் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு இழுக்க, வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் கம்பெனிகள் வரிசையில் நிற்கா. அங்கே, குறைந்த மானியம் கேட்பவருக்கு ஐந்தாண்டு ஏகபோக உரிமை என்று ஏலம் விடலாம். கட்டண உச்சவரம்பும், பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு தரும் நிபந்தனையும் அதில் இருக்கட்டும். ஆறாம் ஆண்டு அந்த வலையை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மலைமேல் இழை போகப்போவது மின்கம்பங்கள் வழியாகத்தான். அதற்கு மின்வாரியம் கேட்கும் வாடகையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)