ஊர் தெரிவுசெய்த காவல்

"பொலிஸ்காரரையும் ஊர்ச்சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்தால் என்ன?" கிளிநொச்சியில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்விதான். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

அப்படிச் செய்கிற இடங்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் கான்ஸ்டபிள் என்பவர் நாலு வருசத்துக்கொருமுறை தேர்தலில் வெல்ல வேண்டும். ஜேர்சித் தீவின் 12 பங்குகளிலும் ஊரவர் தெரிவுசெய்த, சம்பளமில்லாத காவலர்கள் இருக்கிறார்கள்.

வன்னியில் என்றால் ஊர்த் தலைவராக இருந்த விதானையார் ஞாபகத்துக்கு வருவார். களவு, அடிபிடி என்றால் சனம் முதலில் அவரிட்டைத்தான் ஓடியது. ஆனால் அவரை நியமித்தது கச்சேரி. 1963இல் அந்த முறை போய், இன்று நாங்கள் ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர் வந்தார். 1991இல் புலிகள் அமைத்த தமிழீழக் காவல்துறையும் மேலிருந்து வந்ததுதான்.

ஊர் தெரிவுசெய்தவர் வேறொருவர்: குளத்து நீருக்குப் பொறுப்பான விதானை. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், இலங்கையின் குளக்கிராமங்களில் இருந்த பழைய வழக்கங்களுக்குச் சட்டபலம் கொடுத்தது. வயற்காணிக்காரர் கூடி அவரைத் தெரிவு செய்வார்கள். துருசு திறப்பது, தண்ணீரை முறைவைத்து விடுவது, வேலி அடைக்கச் சொல்வது அவர் வேலை. கூலி, விளைச்சலில் ஒரு பங்கு நெல்.

தடியும் துவக்கும் இல்லாத அவர் சொல் ஏன் எடுபட்டது? இரவில் ஒருவன் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பினால், விடியக் கீழ்வயல் காய்ந்து கிடக்கும். அந்த வயற்காரனே சாட்சி. வயல் காய்ந்தால் விதானையின் நெல்லும் போய்விடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியாது.

குறையும் அதற்குள்ளேயே இருந்தது. காணிக்காரருக்கு மட்டும் குரல். குத்தகைக்குச் செய்தவருக்கு இல்லை. 1958இல் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை நீக்கி, கமக்காரர் தெரிவுசெய்யும் குழுக்களைக் கொண்டுவந்தது. இன்று அந்த இடத்தில் கமக்காரர் அமைப்புகள் நிற்கின்றன. இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கிறார்கள்; கட்டாக்காலி மாடுகளுக்கும் அங்கேதான் கட்டுப்பாடு.

அப்படியே பொலிசையும் தெரிவு செய்யலாமோ? விதானை அடைத்தது துருசை. பொலிஸ் அடைப்பது ஆளை. வாக்குக் கூடிய பக்கத்தின் ஆள் பொலிசாக வந்தால், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, உறுதியில்லாத காணியில் குடியிருக்கிற குடும்பம் யாரிட்டை முறையிடும்?

1987இன் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தத்தில் நடுவழியொன்று இருக்கிறது. மாகாணத்துக்கென்று ஒரு பொலிஸ் பிரிவு. பொது ஒழுங்கு விடயத்தில் அதன் பிரதிப் பொலிஸ்மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்பு. சனம் தெரிவு செய்வது பொலிஸ்காரரை அல்ல. அவரைக் கேள்வி கேட்கிறவரை. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபை 2018இல் கலைந்தது. ஆனால் அந்தப் பொலிஸ் பிரிவு அமைக்கப்படவேயில்லை.

ஆகவே தம்பி, பொலிசுக்கு வாக்குப் பெட்டி வைக்கமுதல் மூன்று கேள்வி கேளுங்கோ. வாக்கு யாருக்கு? அதிகாரம் எவ்வளவு? தவறு செய்தால் அடுத்த தேர்தல்வரை காத்திராமல் கேட்க ஆர் இருக்கினம்?