கசிமியெஷ் டோல்னி யூத இடுகாடு, போலந்து

விஸ்துலா ஆற்றங்கரையிலுள்ள இந்தச் சிற்றூரில் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். ஊருக்குள் பழைய இடுகாடு ஒன்று இருந்தது. செர்னியாவி என்னும் இந்தச் சரிவில் 19ஆம் நூற்றாண்டில் புதியது அமைந்தது.

1939இல் ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்தது. ஆக்கிரமிப்பாளர்கள் கல்லறைக் கற்களைப் பெயர்த்து, நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ தங்கியிருந்த மடத்தின் முற்றத்தில் தளமாகப் பாவினார்கள். இறந்தவர்களின் பெயர்கள் பூட்ஸ் காலடியில் கிடந்தன. 1942இல் ஊரின் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் மரண முகாம்களில் கொல்லப்பட்டார்கள். கற்களைச் சிதைத்ததும் இந்தக் கொலைகளும் ஒரே குற்றத்தின் பகுதிகளே.

மீட்ட கல்லறைக் கல் துண்டுகளைப் பதித்து, 1984இல் கட்டடக் கலைஞர் ததேயுஷ் அகுஸ்தினெக் இந்தச் சுவரை எழுப்பினார். மேலிருந்து கீழ்வரை ஓடும் கோணல்மாணலான பிளவு அவர் வேண்டுமென்றே விட்டது.

அருகில் வந்து பாருங்கள். மெழுகுவர்த்தித் தாங்கி செதுக்கிய கல் பெண்ணுடையது. வெள்ளி மாலையில் வீட்டில் விளக்கேற்றுபவள் அவள். ஆசி கூறும் இரு கைகள் இருந்தால், அந்தக் கல்லுக்குரியவர் கோஹென் எனும் குருமார் மரபினர். நீர்க்குடுவை லேவியர் மரபினரைக் குறிக்கும். முறிந்த மரம், இளம் வயதில் இறந்தவருக்கு. பல துண்டுகளில் எழுத்து பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பிளவின் வழியே பின்புறம் செல்லலாம். அங்கே மரங்களுக்கிடையே சில கற்கள் இன்னும் நிற்கின்றன. யூத வழக்கப்படி அவற்றின்மேல் கூழாங்கல் வைக்கலாம். அங்கிருப்பவற்றை எடுக்க வேண்டாம்.